நெருக்கமும் வெறுமையும்

மாணவராயிருந்த காலத்திலே புவியியல் ஆசிரியர் ஒருவர், ஆயிரம் பேருக்கு ஒரு புள்ளியாக வட மாகாணப் படத்தை நிரப்பும்படி எம்மைப் பணித்தார். வலிகாமத்தில் புள்ளியோடு புள்ளி கலந்து மை கொட்டுண்டாற் போலாயிற்று. ஆனையிறவுக்குத் தெற்கே பேனாவுக்கு வேலையே இல்லை. இன்று அப்படத்தை வரையப் புகுவோர்க்கு அத்துணை மை வேண்டியதில்லை.

இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 738,788 பேர் வாழ்ந்தனர். 2012 இல் எண்ணப்பட்டோர் 583,882 பேரே. இலங்கையின் சனத்தொகை மூன்றிலொரு பங்கிற்கு மேல் பெருகிய அக்காலத்தில் நாம் ஐந்திலொரு பங்கினரை இழந்தோம். மாண்டோரும், கடல் கடந்தோரும், 1995 இடப்பெயர்வின் பின் மீளாதோரும் அக்குறையில் அடங்குவர். 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களை அக்கணக்கில் மறப்பது நேர்மையன்று. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் ஒன்பது பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2024 இல் ஆறு.

சனம் குறைந்ததால் நெருக்கம் தீர்ந்தது என்பாரும் உளர். அது பொருந்தாது. 2012 இலும் இம்மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு 629 பேர், முல்லைத்தீவில் 38. அந்த 629 என்பதும் சராசரியே. சராசரி எதையும் மறைக்க வல்லது. நல்லூரிலும் நகரிலும் இரண்டு பரப்புக் காணிக்குள் வீடு, கிணறு, மலகூடக் குழி மூன்றும் அடங்க வேண்டியிருக்கிறது. நம் காலடியில் இருப்பதோ துளைகள் நிறைந்த சுண்ணக்கல். குழியிற் சேர்வது கிணற்றிற்கும் வந்து சேரும். வற்றாத ஆறு நமக்கில்லை. மாரி மழை ஊறி உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே நம் முதல். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். ஆதலால் குடிசன அடர்த்தியை நிலத்தால் வகுப்பதினும் நீரால் வகுப்பதே இவ்விடத்துக்குத் தகும் என்பது என் கருத்து.

மறுபுறம், புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் கூரை விழுந்த வீடுகளும் பற்றை மண்டிய வளவுகளும். அங்கே போய்க் குடியேறுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். குடிநீர் அங்கே இன்னும் அரிது. தென்மராட்சிக்கும் கிளிநொச்சிக்கும் அத்தடை அவ்வளவில்லை. இரணைமடுக் குளத்தை நம்பிச் சென்றோர் காடு வெட்டிக் கழனியாக்கினர். எனினும் பிள்ளைக்குப் பத்து வயது வந்ததும் பெற்றோர் யாழ்ப்பாணம் நோக்குகின்றனர். நகரில் வாடகை வீடு, மாலையில் ரியூசன்.

இம்மலருக்கு ஒவ்வாத சொல்லெனினும் சொல்லியாக வேண்டும்: அந்நெருக்கத்துக்கு எமது கல்லூரியும் ஒரு காரணம். புகழ் பெற்ற கல்லூரிகள் யாவும் சில மைல்களுக்குள் நெருங்கி நிற்கின்றன; குடிசனம் அவற்றைப் பின்தொடர்கிறது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் இன்னுமொரு மாடிக்குப் பணம் திரட்டுவதாயின், அதிற் பாதியைச் சாவகச்சேரிக்கு அப்பாலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான கூடத்துக்கும் ஆசிரியர் விடுதிக்கும் அனுப்புவார்களா? அடுத்த பொதுக் கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.