வெங்காயமும் வெளியுறவும்

அமெரிக்கக் குடியரசின் தொடக்ககாலக் கட்சிப் பிளவை அமில்ரன், ஜெபர்சன் என்னும் இருவரின் தனிப்பகையாகச் சுருக்குவோர் உளர். இது பேதைமை. 1791இன் தேசிய வங்கியும் 1794இல் பிரித்தானியாவுடன் செய்யப்பெற்ற ஜே உடன்படிக்கையும் எழுப்பிய வினா ஒன்றே: அரசின் நிதியும் நட்பும் வணிகனுக்கா, உழவனுக்கா?

இலங்கையிலும் இவ்வினா எழுந்தது. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. மிளகாயும் வெங்காயமும் விலையேற, உரும்பிராயின் செம்மண் தோட்டங்கள் செழித்தன. 1977இல் ஜே. ஆர். அரசு சந்தையைத் திறந்து மேற்குலக மூலதனத்தை நாடியது. இறக்குமதிப் பண்டங்களின்முன் தோட்டக்காரர் தளர்ந்தனர்.

‘இது தென்னிலங்கைக் கட்சிகளின் பூசல்; தமிழனுக்கு என்ன?’ என்போர் இத்தோட்டங்களைக் கண்டு விடை கூறட்டும். முந்திய அரசைப் போற்றுவோரும் ஒன்றை மறத்தலாகாது. தந்தையின் வெங்காயத்துக்கு விலை தந்த அவ்வரசே, தரப்படுத்தலால் மைந்தனின் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கியது.

ஆகவே, உரிமை கிடைத்தபின் பொருளாதாரம் பேசலாம் என்பதும், விலை கிடைத்தால் உரிமை வேண்டா என்பதும் ஒரே மயக்கத்தின் இரு முகங்கள். நிதிக் கொள்கையையும் வெளியுறவுக் கொள்கையையும் பிறர் தீர்மானிக்க விட்டுவிட்டு, உரிமையை மட்டும் கேட்கும் சமூகம், கிணற்றைக் கொடுத்துவிட்டுத் துலாவைக் காத்து நிற்பதாகும்.