சனிக்கிழமை ஸ்பேனர்: சிவப்பு விளக்கு எரிஞ்சா ஆல்டர்னேட்டர்தானா?

வந்த நாட்டில் வேலை, வீடு, பிள்ளைகள் பள்ளி எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்ததும் நம்மில் சிலருக்குப் பழைய கார் ஆசை வரும். என்னுடன் வேலை பார்க்கும் நண்பருக்கும் வந்தது. அவர் வாங்கியது 1974 போர்ஷே 914. போர்ஷேவும் ஃபோக்ஸ்வாகனும் சேர்ந்து 1969 முதல் 1976 வரை விற்ற கார். எஞ்சின் முன்னாலும் இல்லை, ஒரேயடியாகப் பின்னாலும் இல்லை. இரண்டு சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால், நடுவில் உட்கார்ந்திருக்கும். வளைவில் திரும்பும்போது அது சுகம். ஸ்பேனர் எடுக்கும்போது அதுவே தலைவலி.

டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு மங்கலாக எரிய ஆரம்பித்தது. ஒரு கடையில் கேட்டதற்கு, பார்க்காமலேயே "ஆல்டர்னேட்டர் போச்சு" என்றார்களாம். இருக்கலாம். ஆனால் நம்ம தொழிலில் லாக் பார்க்காமல் சர்வரை மாற்றுவோமா? முதலில் அளந்து பார்ப்போம் என்றேன்.

எந்தப் பழைய காருக்கும் இந்த வரிசை உதவும்.

முதலில் பெல்ட். பீட்டில் காரில் பெல்ட் அறுந்தால் குளிரூட்டும் விசிறியும் நின்றுவிடும். 914-இல் விசிறி நேராக கிராங்க் ஷாஃப்டிலேயே இருக்கிறது. பெல்ட் ஆல்டர்னேட்டருக்கு மட்டும்தான். அதனால் எஞ்சின் சூடாகாது. ஆனால் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது; பேட்டரி தீர்ந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். நண்பர் வண்டியில் பெல்ட் நன்றாகவே இருந்தது.

அடுத்து மல்டிமீட்டர். எஞ்சின் நின்றபோது பேட்டரியில் 12.6 வோல்ட். ஓடும்போது சுமார் 14 காட்ட வேண்டும், காட்டியது 12.2. அதாவது சார்ஜே ஏறவில்லை.

மூன்றாவது எர்த். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை வயர் துருப்பிடித்தால் நல்ல ஆல்டர்னேட்டரும் கெட்டது மாதிரி நடிக்கும். பேட்டரி நெகட்டிவுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அளந்தோம். வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. எர்த் சரி.

நான்காவது அந்தச் சிவப்பு பல்ப். சாவி போட்டு, ஸ்டார்ட் பண்ணாதபோது அது எரிய வேண்டும். ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கத் தேவையான சிறு மின்சாரம் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் ஃபியூஸ் போனாலே சார்ஜ் ஏறாமல் போகலாம். இங்கே எரிந்தது.

கடைசியாக ரெகுலேட்டர். 914-இல் அது தனிப் பெட்டி; எஞ்சின் அறையில் ரிலே போர்டில் செருகியிருக்கும். வேறொன்றைச் செருகிப் பார்த்தோம். அதே 12.2. இப்போது தைரியமாகச் சொல்லலாம், ஆல்டர்னேட்டர்தான்.

கழற்றுவதுதான் பெரிய பாடு. எஞ்சினின் முன்பக்கம், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரை ஒட்டி, கீழே ஒளிந்திருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியை நாலு ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் போகாதீங்க), எஞ்சினுக்கு அடியில் ஜாக் கொடுத்துக் கொஞ்சம் இறக்கினோம். அப்புறம்தான் கை போக இடம் கிடைத்தது. வயர்களைக் கழற்றுவதற்கு முன் போனில் போட்டோ எடுத்துக்கொண்டோம். வெளியே எடுத்துச் சுற்றிப் பார்த்தால் பேரிங் கரகரவென்றது. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து துண்டாகக் கிடந்தது. பிரஷ் மட்டும் மாற்றலாம்தான். பேரிங்கும் போனதால் ரீபில்ட் செய்ததையே வாங்கினோம். மாட்டும்போது மறக்கக்கூடாத ஒன்று, விசிறிக் காற்றை ஆல்டர்னேட்டருக்குக் கொண்டுவரும் ரப்பர் குழாய். அதை விட்டுவிட்டால் புதுசும் சீக்கிரம் வெந்துபோகும். இரண்டு சனிக்கிழமை ஆனது. மீட்டரில் 14.1.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியைக் கீழே இறக்குமுன் பேட்டரித் தட்டையும் பார்த்துவிடலாம் என்று கழற்றினோம். இந்தக் காரில் பேட்டரி எஞ்சின் அறையின் வலது பக்கம் இருக்கிறது. மேலே மூடி வலைக்கம்பி. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். பேட்டரி அமிலமும் வழிந்து கீழே உள்ள தகட்டை அரிக்கும். 914 வைத்திருப்பவர்கள் அந்த மூலைக்கு வைத்த பெயரே 'நரகக் குழி'. அதற்கு அடியில்தான் காரின் வலதுபக்க முதுகெலும்பும், பின் சக்கரத்தைத் தாங்கும் பிடிமானமும் இருக்கின்றன. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன். உள்ளே போய்விட்டது.

நண்பரின் பத்து வயசு மகன் இரண்டு வாரமாகக் கூடவே இருந்து டார்ச் பிடித்தவன். "அங்கிள், இப்ப ஓடும்ல?" என்றான். ஓடும்தான். எஞ்சின் ஓடுவது வேறு, வளைவில் பின் சக்கரம் பிடிமானத்தோடு நிற்பது வேறு என்று அந்த ஓட்டையையே காட்டிச் சொன்னோம். வெல்டிங் முடியும்வரை அந்தக் காரில் யாரும் ஏறுவதில்லை என்று நண்பர் முடிவெடுத்தார். பையனுக்கு முகம் வாடியது. இருந்தாலும் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அவனும் ஒருமுறை தட்டிப் பார்த்தான்.

பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? பெயின்டையும் சத்தத்தையும் அப்புறம் ரசிக்கலாம். முதலில் விற்பவரிடம் கேட்டு, பேட்டரியைத் தூக்கி அடியில் பாருங்க. ஆல்டர்னேட்டரை இரண்டு சனிக்கிழமையில் மாற்றிவிடலாம். அரித்துப்போன தகடு அப்படியில்லை. அதற்கு வெல்டரின் கையும், நம் பக்கத்தில் நிறையப் பொறுமையும் வேண்டும்.