தானாகச் சரியாகிவிடும் என்பவர்களுக்கு

சென்ற மாதம் எங்கள் வாசகர் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, எங்களில் ஒருவர் தோள் இறுக்கம் பற்றி எழுதப்போவதாகச் சொன்னார். மூத்த நண்பர் ஒருவர் சிரித்தார். "தோள்வலிக்கெல்லாம் கட்டுரையா? காசநோய், புற்றுநோய் என்றால் எழுதலாம். இது தானாகச் சரியாகிவிடும், விடுங்கள்" என்றார். அவர் எங்கள் மதிப்புக்குரியவர். எவரையும் புண்படுத்த நினைப்பவர் அல்லர். ஆனால் அந்தப் பேச்சில் இரண்டு பிழைகள் உள்ளன. ஒன்று இலக்கியம் பற்றியது. மற்றொன்று உடல் பற்றியது. இரண்டையும் மறுக்கவே இதை எழுதுகிறோம்.

எங்கள் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறோம். இங்கே எழுதும் ஒன்பது பேரில் மூவருக்குக் கடந்த ஐந்தாண்டுகளில் இந்நோய் வந்தது. ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் மெய்ப்புத் திருத்துபவர், ஒருவர் வங்கி ஊழியர். மூவரும் ஐம்பதை ஒட்டியவர்கள். பெரும்பாலும் 40க்கும் 60க்கும் இடைப்பட்டவர்களையே, அவர்களிலும் பெண்களையே மிகுதியாக, இது பிடிக்கிறது. ஜப்பானிய மொழியில் இதற்குப் பெயரே 'ஐம்பது வயதுத் தோள்' என்பதுதான். நம்மூர் மருத்துவர்கள் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்பார்கள். சீட்டில் 'பெரிஆர்த்ரைட்டிஸ்' என்று எழுதுவோரும் உண்டு. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கி, தடித்து, சுருங்கிவிடுகிறது. கை மேலேயும் போவதில்லை, பின்னாலும் போவதில்லை. பிறர் பிடித்துத் தூக்கினாலும் போவதில்லை.

'கை தூக்க முடியாது' என்று கேட்பவர்கள் பரணை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். நாள் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். ரவிக்கையின் பின்கொக்கியைப் போட முடியாது. தையற்காரரிடம் போய் எல்லாவற்றையும் முன்கொக்கியாக மாற்றியாக வேண்டும். தலைமுடியைப் பின்ன முடியாது; ஆசிரியைக்கு அவருடைய மகள் ஏழு மாதம் பின்னிவிட்டாள். வேட்டியின் தலைப்பைப் பின்புறமாக வாங்கிச் சுற்ற ஒரு கை போதாது. சட்டை போட வலிக்கும் கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதை எந்த மருத்துவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களே கண்டுபிடித்தோம். பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. கொடியில் துணி போட முடியாது. கோயிலில் தீபாராதனையின்போது எல்லோரும் தலைக்குமேல் கைகூப்புகையில், நெஞ்சருகே ஒற்றைக் கையை வைத்து நிற்க வேண்டும். கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதிய ஆசிரியையிடம், 'பின்பெஞ்சுக்குத் தெரியவில்லை' என்று தலைமையாசிரியர் விளக்கம் கேட்டார்.

இரவு இதனினும் கொடியது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தூக்கத்தில் தன்னையறியாமல் புரண்டால் வலி எழுப்பிவிடும். கைக்குக் கீழே ஒரு தலையணையை அண்டக்கொடுத்து மல்லாந்து கிடப்பதே வழி. மாதக்கணக்கில் தூங்காதவர் சிடுசிடுப்பதைக் குணக்கேடு என்று வீடு முடிவு கட்டுகிறது. கட்டு இல்லை, காயம் இல்லை, சாதாரண எக்ஸ்ரே படத்திலும் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே சாட்சி இல்லாத வலி இது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். தோளைப் பாடாத தமிழ் உண்டா? ஆனால் அந்தத் தோள் எப்போதும் வேறொன்றின் அடையாளமாகவே வருகிறது. வீரனின் தோள் வலிமைக்கு. தலைவியின் தோள் பிரிவுக்கு. திருக்குறளில் 'உறுப்புநலன் அழிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே தோள் மெலிவது காதலால். வெறுமனே மூட்டு இறுகிப்போன தோளுக்கு நம் மரபில் இடமில்லை. இது தமிழுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. காதலுக்கும் போருக்கும் உரிய இடம் நோய்க்கு ஏன் கிடைக்கவில்லை என்று வர்ஜீனியா வுல்ஃப் 1926இலேயே கேட்டார்.

நண்பர் காசநோயையும் புற்றுநோயையும் சொன்னதும் தற்செயல் அன்று. 1978இல் சூசன் சொன்டாக் நோயும் உருவகமும் பற்றி எழுதிய நூலுக்கு எடுத்துக்கொண்டவை இதே இரண்டு நோய்கள்தாம். அவற்றின்மீது சமூகம் ஏற்றிவைத்த கற்பனைகள் நோயாளிக்கே தீங்கு செய்கின்றன என்பது அவர் வாதம். நண்பரின் அளவுகோல் அதைத் தலைகீழாக்குகிறது: உருவகமாகத் தகுந்த நோய்தான் எழுதத் தகுந்த நோய். சாவும் தராத, சோகப் பொலிவும் தராத நோய் பேச்சுக்கு உரியதன்று. அப்படியானால் பெரும்பாலோர் உண்மையில் அனுபவிக்கும் வலிகள் எவையும் எழுத்துக்குள் வரமாட்டா. இதை நாங்கள் ஏற்க மறுக்கிறோம்.

இரண்டாவது பிழை இன்னும் ஆபத்தானது. 'தானாகச் சரியாகிவிடும்' என்று சொன்னது யார், பார்த்தது யார்?

'உறைந்த தோள்' என்ற பெயரை 1934இல் வழங்கியவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன நோயாளியைப் பின்தொடர்ந்து, அவர் உண்மையிலேயே குணமானாரா என்று பார்த்துப் பதிய வேண்டும் என வாதாடி, சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டவர் அவர். அவர் பெயரிட்ட நோயிலேயே முடிவைப் பார்க்காமல் ஆறுதல் சொல்வது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் 62 நோயாளிகளைச் சராசரியாக ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப்பேருக்கு ஓரளவு வலியோ இறுக்கமோ எஞ்சியிருந்தது. பெரும்பாலோர் மெல்லத் தேறுகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. எஞ்சுவதும் பலருக்கு மிதமானதே. ஆனால் 'மெல்லத் தேறும், சிறிது எஞ்சலாம், ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகலாம்' என்பது வேறு. 'தானாகச் சரியாகிவிடும், விடுங்கள்' என்பது வேறு. முன்னது தகவல். பின்னது பேச்சை முடிக்கும் வழி.

அந்த வழியின் விலையை எங்கள் வங்கி நண்பர் கொடுத்தார். மருத்துவர் ஒருவர் எட்டு மாதம் அவருக்கு இதே ஆறுதலைச் சொல்லி வலி மாத்திரை கொடுத்தனுப்பினார். மறுதோளும் இறுகத் தொடங்கியபோது, ஒரு பிசியோதெரபி நிபுணர்தான் 'சர்க்கரை பார்த்தீர்களா?' என்று கேட்டார். பார்த்தால், நீரிழிவு. எத்தனை நாளாக இருந்ததோ, யாரறிவார்? பொதுமக்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரும் இந்நோய், நீரிழிவு உள்ளவர்களிடம் பல மடங்கு மிகுதி. தைராய்டு கோளாறோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அத்தகைய நாட்டில் இறுகிய தோளோடு வருபவரிடம் ஓர் இரத்தப் பரிசோதனைகூடக் கேட்காமல் ஆறுதல் சொல்வது கருணை அன்று, அலட்சியம்.

இதற்கு நேரெதிரான ஒரு மூடத்தனமும் உண்டு: 'வேலை செய்தால் சரியாகிவிடும்.' இது குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்லப்படுவது. துவைப்பதும் பெருக்குவதும் குடம் தூக்குவதும் பயிற்சியே என்கிறார்கள். அல்ல. பயிற்சி என்பது, முன்னே குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டுவது. சுவரில் விரல்களால் மெல்ல ஏறுவது. வலி எல்லை தாண்டும்போது நிறுத்திக்கொள்வது. பால் பொங்கும்போது யாரும் நிறுத்திக்கொள்ள முடியாது. கையைப் பிடித்துப் பலமாக இழுத்து உருவிவிடுவோரும் உண்டு. ஆனால் நெதர்லாந்தில் 77 பேரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், வலியின் எல்லையைத் தாண்டிய தீவிரப் பயிற்சியைவிட, எல்லைக்குள் மெல்ல அசைப்பதே நல்ல பலன் தந்தது. தொடக்கத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில காலம் தணிக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதைச் சொல்லித்தான் போட வேண்டும். 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்று மயக்கமருந்து கொடுத்துக் கையை அசைத்துவிடுதல், நுண்துளை அறுவை, முறையான பிசியோதெரபியுடன் ஊசி ஆகிய மூன்றையும் 503 பேரிடம் ஒப்பிட்டது. எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலானது என்று நிறுவப்படவில்லை. ஆகவே அறுவைக்கு அவசரப்படுத்துபவரிடமும் கேள்வி கேட்கலாம்.

மெய்ப்புத் திருத்தும் நண்பர் தம் வீட்டுச் சுவரில் விரல் எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்து, தேதியிட்டு வைத்திருக்கிறார். குழந்தைகளின் உயரத்தைக் குறிப்போமே, அதுபோல. பதினான்கு மாதத்தில் இரண்டு சாண் ஏறியிருக்கிறது. சில வாரங்களில் கோடு கீழே இறங்கியும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னார். 'தானாக' என்ற சொல்லுக்கு எங்கள் பதில் அந்தச் சுவர்தான். அங்குள்ள எந்தக் கோடும் தானாக ஏறவில்லை.

நண்பரிடமும் அவரைப்போல் சிரிக்கும் அன்பர்களிடமும் நாங்கள் கேட்பது அனுதாபம் அன்று. அடுத்த முறை ஒருவர் தோள் இறுகிவிட்டது என்றால், ஆறுதல் வாக்கியத்தை ஒரு நிமிடம் ஒத்திவையுங்கள். சர்க்கரை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இரவு தூங்கினாரா என்று கேளுங்கள். பரணிலிருந்து எதையாவது இறக்க வேண்டுமா என்று கேட்டு, இறக்கிக் கொடுங்கள். கட்டுரைக்குப் பொருள் போதுமா போதாதா என்பதைப் பிறகு பேசலாம்.