வார்த்தைக்கு வழிவிடும் இசை



ஆலயத்தில் ஒரு பாடல் ஓய்ந்தபின் எமது உள்ளத்தில் எஞ்சி நிற்பது எது? வாத்தியங்களின் முழக்கமா, அன்றி அப்பாடல் சுமந்து வந்த இறைவார்த்தையா? இவ்வினாவுக்கு ஜப்பானிய இசைக்குழு ஒன்று தரும் விடை சிந்திக்கத்தக்கது.

மசாக்கி சுசூகி என்னும் கிறிஸ்தவ இசைஞர் 1990ஆம் ஆண்டில் 'பாக் கொலேஜியம் ஜப்பான்' என்ற குழுவை நிறுவினார். ஜேர்மனிய இசைமேதை யொஹான் செபஸ்தியன் பாக் (1685–1750) ஆலய வழிபாட்டுக்கென இயற்றியவற்றை அவர் காலத்து முறையிலமைந்த கருவிகளைக் கொண்டே இசைப்பது இக்குழுவின் பணி. ஞாயிறு வழிபாட்டில் அருளுரையை ஒட்டிப் பாடப்பட்ட 'கந்தாத்தா' எனும் இசைத்தொகுதிகளுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 200. அவற்றை 1995 முதல் 2013 வரை பொறுமையோடு ஒலிப்பதிவு செய்து 55 இறுவட்டுகளாக வெளியிட்டனர்.

அக்கருவிகள் எளிமையானவை. வயலினுக்கு உருக்குத் தந்திகள் இல்லை. விலங்கின் குடலிலிருந்து முறுக்கிய நரம்புகளே உண்டு. எக்காளத்தில் அழுத்தும் கட்டைகள் இல்லை. வாசிப்பவர் தமது மூச்சாலும் உதடுகளாலும் சுரங்களைப் பிறப்பிக்க வேண்டும். சுருதியும் இன்றைய வழக்கிலும் ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்ந்தது. இவ்வளவு சிரமம் எதற்கு, இது பழம்பொருட் காட்சியல்லவா எனச் சிலர் வினவலாம். அவ்வாறன்று என்பதே எனது கருத்து. மென்மையான அக்கருவிகள் பாடுவோரின் குரலை அமிழ்த்துவதில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. கருவி தன்னைத் தாழ்த்துகிறது, வார்த்தை உயர்கிறது.

இதனினும் வியப்புக்குரியது இவ்விசை ஒலிக்கும் மண். 1597இல் நாகசாகியில் 26 கிறிஸ்தவர்கள் சிலுவைகளில் அறையப்பட்டு மறைசாட்சிகளாயினர். 1614இல் கிறிஸ்தவம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. லைப்சிக் நகரில் பாக் தமது 'மத்தேயு திருப்பாடுகள்' இசையை 1727இல் அரங்கேற்றியபோது, நாகசாகி மக்கள் கிறிஸ்துவின் உருவத்தைக் காலால் மிதித்துத் தாம் கிறிஸ்தவரல்லர் என மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1873இலேயே தடை அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன. இன்றும் ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவினரே. எனினும் அதே திருப்பாடுகளின் இசையை அந்நாட்டு அரங்குகளில் மக்கள் மணிக்கணக்காக அமைதியுடன் அமர்ந்து செவிமடுக்கின்றனர்.

கட்டணம் செலுத்தி அரங்கில் கேட்பது வழிபாடாகுமா? அதனை அளக்கும் கோல் எம்மிடம் இல்லை. விதைப்பவன் விதைக்கிறான், எந்த நிலத்தில் எது முளைக்கும் என்பதை இறைவனே அறிவார். பாக் தமது ஆலயப் படைப்புகள் பலவற்றின் இறுதியில், மகிமை இறைவனுக்கு மட்டுமே எனப் பொருள்படும் மூன்று இலத்தீன் எழுத்துகளைப் பொறித்தார். தம் பெயரை முன்னிறுத்தாத அந்த மனமே அவ்விசையின் உயிர்.

அன்பர்களே, எமது ஆலயங்களிலோ ஒலிபெருக்கியின் பேரோசையில் பாடலின் சொற்கள் மறைந்துபோகும் வேளைகள் எத்தனை! பழைய கருவிகளை நாம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அவை கற்பிக்கும் தாழ்மையைக் கற்றால் போதும். வரும் ஞாயிறன்று பாடுமுன் ஒரு கணம் எம்மையே வினவுவோம்: கேட்போரின் செவியில் விழவேண்டியது எனது குரலா, அவரது வார்த்தையா?