கேரம் போர்டு கடையும் கொஞ்சம் கணக்கும்

சதுரங்கம், கேரம், லூடோ விற்கும் சிறு கடைகளில் கூட்டம் இல்லை என்றால், "பிள்ளைகள் செல்போனில் மூழ்கிவிட்டார்கள்" என்று அங்கலாய்க்கிறோம். அது பாதி உண்மைதான். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதை வீட்டுக்கு வீடு கொண்டாடினோம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த விளையாட்டுச் சாமான்களுக்கான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பிறகும் கடைக்காரர் ஏன் திணறுகிறார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகை, உதவியாள் சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் ரூ.35,000 என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 25 ரூபாய் லாபம் நின்றால், செலவை ஈடுகட்டவே ரூ.1,40,000க்கு விற்க வேண்டும். சராசரி விலை ரூ.500 என்றால் மாதம் 280 உருப்படி. 28 நாள் கடை திறந்தால் தினம் பத்து! இதில் முதலாளியின் வீட்டு அடுப்பு இன்னும் எரியவில்லை.

ரயில்வேயில் ஒரு வாகன் சரக்கை இறக்கிவிட்டு மறுபடி சரக்கேற்ற எத்தனை நாளாகிறது என்றுதான் முதலில் பார்ப்போம். யார்டில் நிற்கும் வாகன் சம்பாதிக்காது. அலமாரியில் தூங்கும் பெட்டியும் அப்படியே. மளிகைக் கடையில் பருப்பு தீர்ந்தால் திரும்ப வருவோம். கேரம் போர்டோ இருபது வருடம் உழைக்கும். ஆடுகளமே 74 சென்டிமீட்டர் சதுரம் என்பதால் இடத்தையும் அடைக்கும். காய், ஸ்ட்ரைக்கர், பவுடர் போன்ற சில்லறைச் சாமான்களுக்குத்தான் வாடிக்கையாளர் மறுபடி படியேறுவார்.

இன்னொன்று. புது விளையாட்டை யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் அது விலை போகும். கடைக்காரர் பொறுமையாக அரைமணி நேரம் விளக்குவார். நாம் கேட்டுக்கொண்டு, அங்கேயே நின்று செல்போனில் விலை பார்த்து, இருபது ரூபாய் குறைவென்று ஆன்லைனில் வாங்குகிறோம். இது நியாயமா?

கடைக்காரர்களும் வழியை மாற்ற வேண்டும். நாலு மேஜை போட்டு, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி ஆட விடலாம். பெட்டி ஒரு முறைதான் விற்கும். மேஜை தினமும் சம்பாதிக்கும்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. பொங்கல் விழாப் போட்டிகளுக்கு வருடா வருடம் எவர்சில்வர் டப்பாதான் பரிசா? பல்லாங்குழி, சதுரங்கப் பலகை கொடுக்கலாமே! அவற்றை உள்ளூர்ச் சிறு கடையில் வாங்குவோம். மாதம் ஒரு ஞாயிறு மாலை சங்க ஹாலில் அந்தக் கடைக்காரரையே அழைத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கச் செய்வோம். அவருக்கு நாலு வாடிக்கையாளர் கிடைப்பார்கள். நம் பிள்ளைகளுக்கோ, எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துத் தோற்கவும் ஜெயிக்கவும் பழக்கம் வரும். செயற்குழு யோசிக்கட்டும்.