எங்கள் வீட்டுப் பாட்டரி வழக்கு
(பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி)

2023ஆம் ஆண்டு எங்கள் வீட்டிற்கு மின்சாரக் கார் ஒன்று வந்தது. புகையில்லை, சத்தமில்லை, தெருவில் சென்றால் நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பா தம் சேமிப்பின் பெரும் பகுதியை அதற்குக் கொடுத்திருந்தார். காரின் உறுப்புகளிலேயே விலை மிகுந்தது, அதன் அடியில் படுத்திருக்கும் பாட்டரிதான் என்று அறிந்ததும், அதைக் காப்பது எப்படி என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பேச்சு என்பதைவிட வழக்கு என்பதே பொருந்தும்.

மாடிப்படியின் கீழே எங்களுக்கு இன்வெர்ட்டர் பாட்டரி ஒன்று உண்டு. அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது அப்பாவின் திருப்பணி! அது ஈயமும் அமிலமும் கொண்டது. 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த இனம். எப்போதும் நிரம்பியிருக்கவே அது விரும்பும். காலியாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு வலுவிழந்து போகும். அந்தச் சட்டத்தையே அப்பா காருக்கும் விதித்தார்: இரவுதோறும் நூறு சதவிகிதம். மாமாவோ, "முழுவதும் இறங்கட்டும், பிறகு ஏற்றுங்கள்" என்றார். அது பழைய நிக்கல்-காட்மியம் பாட்டரிக்குச் சொன்ன வைத்தியம். விற்பனை நிலையத்தில் கேட்டோம். "செல்போன் மாதிரிதான் சார்" என்று சிரித்தார்கள்.

கடைசியில் காருடன் வந்த கையேட்டைப் பிரித்துப் படித்தவர் அம்மா. அன்றாட ஓட்டத்திற்கு எண்பது சதவிகிதம் போதும், நெடும்பயணத்தின்போது மட்டும் நூறு என்று அதில் அச்சிட்டிருந்தது!

காரணத்தை வேதியியல் ஆசிரியை விளக்கினார்கள். லித்தியம் அயனிகள் ஒருபுறம் கிராபைட்டுக்கும் மறுபுறம் உலோக ஆக்சைடுக்கும் இடையே போய் வருகின்றன. முழுவதும் ஏற்றினால் ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டை எட்டும். அந்த நிலையிலேயே நெடுநேரம் நின்றால் உள்ளிருக்கும் திரவம் சிறிது சிறிதாகச் சிதைந்து, கிராபைட்டின் மேல் படலம் தடிக்கும். அப்படலத்தில் சிக்கிய லித்தியம் மீண்டும் வேலைக்கு வராது. வெப்பம் இந்தச் சிதைவை விரைவுபடுத்தும். ஆகவே, நூறு ஏற்றிய காரைச் சித்திரை வெயிலில் நாள் முழுதும் நிறுத்துவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

இதற்குச் சான்றும் உண்டு. நிஸான் நிறுவனத்தின் லீஃப் கார் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதன் பாட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய கார்களின் கொள்ளளவு விரைவாகக் குறைவதாக 2012இல் உரிமையாளர்கள் முறையிட்டனர். 2013இல் அந்நிறுவனம் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் அளிக்க நேர்ந்தது.

அப்படியானால் எல்லா வண்டிக்கும் எண்பதா? அதுவும் இல்லை. இரும்பு பாஸ்பேட் வகை பாட்டரியில் மின்னழுத்தம் அதிகம் மாறாததால், எவ்வளவு மீதமிருக்கிறது என்று கணினியால் சரியாகக் கணிக்க முடியாது. அதனால் அவ்வப்போது நூறு வரை ஏற்றும்படி கார் நிறுவனங்களே கூறுகின்றன. பக்கத்து வீட்டு வண்டிக்குச் சொன்ன அறிவுரை நம் வண்டிக்கு ஆகாது.

இவற்றையெல்லாம்விட என்னை அச்சுறுத்தியது வேறொன்று. முதல் மாதத்தில் வராந்தா பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து இணைத்திருந்தோம். ஓரிரவு பிளாஸ்டிக் கருகும் வாடை! அம்மா ஓடிச் சென்று சுவிட்சை அணைத்தார். பிளக் தொட முடியாதபடி கொதித்தது. கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும். இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரம். காரோ 15 ஆம்பியர் பிளக்கில் விடிய விடிய மின்சாரம் இழுக்கிறது. 30 யூனிட் பாட்டரி காலியிலிருந்து நிரம்ப ஒன்பது மணி நேரமாவது ஆகும். மெல்லிய கம்பியும் தளர்ந்த பிளக்கும் அதைத் தாங்குமா? மறுநாளே எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த்துடன் தனி லைன் இழுத்தோம்.

"எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும்" என்பார் சிலர். பாதி உண்மை. ஆனால் கணினி காரை நிழலுக்கு நகர்த்தாது; எக்ஸ்டென்ஷன் பெட்டியை மோந்து பார்க்காது.

என் குறை இதுதான். கார் ஒப்படைத்த அன்று நிலையத்தார் அப்பாவிடம் மட்டுமே பேசினர். ஆனால் இரவில் இணைப்பதும் காலையில் கழற்றுவதும் அம்மாவும் நானும். கையேடோ ஆங்கிலத்தில், நானூறு பக்கம். என்ன வகைப் பாட்டரி, அன்றாடம் எத்தனை சதவிகிதம், எந்த பிளக் என்று தமிழில் ஒரே ஒரு தாள் அச்சிட்டு, வீட்டார் அனைவரையும் அமர்த்தி விளக்கினால் என்ன? பெற்றோர்களே, வண்டி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். தோழியரே, நீங்களும் உடன் செல்லுங்கள்.

வழக்கு முடிந்ததா என்கிறீர்களா? கோடை விடுமுறையில் மூன்று வாரம் பாட்டி வீட்டுக்கு ரயிலில் சென்றோம். காரை ஐம்பத்தைந்தில் நிறுத்திச் சென்றது அம்மாவின் தீர்ப்பு. திரும்பி வந்து பார்த்தால் கார் விழிக்கவே இல்லை! அப்பாவின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. பெரிய பாட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. பூட்டையும் கணினியையும் எழுப்பும் 12 வோல்ட் சிறு பாட்டரி ஒன்று தனியே உண்டு. அதுதான் இறங்கிப் போயிருந்தது. அது ஈய-அமில இனம். அதைக் காக்கும் பொறுப்பை அன்றே அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டோம்.