அந்நியர் ஓட்டிப் பார்த்த உலகம்

திரையில் வட்டமாய் ஒளிரும் ஒரு சிற்றுருவம், வடிவம் குலையாமல் வழுக்கிக்கொண்டே நகர்கிறது. அதன் பெயர் ஆர்பியம். எந்தக் குளத்திலும் பிறந்ததல்ல. ஹாங்காங்கில் மென்பொருள் வேலை பார்த்த பெர்ட் சான், ஆய்வகப் பதவி எதுவும் இல்லாமல் தனியாளாக உருவாக்கிய ‘லெனியா’ என்ற செயற்கை உயிர் சிமுலேஷனில் அது வாழ்கிறது.

இதன் வேர் 1970இல் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஜான் கான்வே என்ற கணித அறிஞர் கட்டங்களால் ஓர் உலகம் அமைத்தார். உயிருள்ள கட்டத்தைச் சுற்றி இரண்டோ மூன்றோ உயிர் இருந்தால் அது பிழைக்கும். வெறுங்கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே ஒன்று பிறக்கும். விதி அவ்வளவுதான். முடிவில்லாமல் பெருகும் உருவம் இதில் உண்டா என்று கேட்டு 50 டாலர் பரிசும் வைத்தார். மார்ட்டின் கார்ட்னர் அதை ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ அக்டோபர் இதழில் எழுத, நவம்பரிலேயே எம்.ஐ.டி.யில் பில் காஸ்பரின் குழு கண்டுபிடித்துவிட்டது. பரிசு கொடுத்தவருக்குத்தான் பெரிய பரிசு கிடைத்தது என்பேன். தன் உலகில் தனக்கே தெரியாத ஒன்றை முகமறியாதவர்கள் எடுத்துக் காட்டினார்களே!

கான்வே உலகின் செத்தது, பிழைத்தது என்ற இரண்டே நிலைகளுக்குப் பதிலாக 0க்கும் 1க்கும் நடுவிலுள்ள எல்லா அளவுகளையும் சான் அனுமதித்தார். கட்டங்களின் முரட்டு அசைவு மறைந்து, நுண்ணோக்கியில் பார்ப்பது போன்ற உயிர்கள் தோன்றின. 18 குடும்பங்களில் 400க்கும் மேற்பட்ட இனங்களை அடையாளம் கண்டு, 2019இல் ஆய்விதழில் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே கியோத்தோ மாநாட்டில், மெய்நிகர் உயிரிகளுக்கான போட்டியில் லெனியா வென்றிருந்தது.

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. தனியாள் ஒருவரின் படைப்பு அவர் பெயரிலேயே அறியப்படுகிறதே! ஆனால் இங்கிருந்து போகும் பனியனின் கழுத்தில் வேறு யாருடைய பெயரோ இருக்கும். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங் அக்காக்கள் என எவர் பெயரும் லேபிளில் ஏறாது. கைவேலைக்குச் சம்பளம் ஒரு பங்கு, ‘இதைச் செய்தது நீதானா?’ என்ற கேள்வி இன்னொரு பங்கு. அந்த இரண்டாம் பங்கு கிடைக்காமலே வயதாகிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

நம் பக்கத்திலும் ஒரு முன்கதை உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களை இலக்கண விதிகளாக எழுதி 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிறு விதிகளைத் திரும்பத் திரும்பச் செய்து பெரிய வடிவம் வளர்ப்பது, செயற்கை உயிர் உலகங்களுக்கும் அடிப்படை. வாசலில் குனிந்து புள்ளி வைத்த பெண்களின் அறிவு கணினி அறிவியலில் இடம் பிடித்தது. எனக்கு அதுவும் அங்கீகாரம்தான்.

சானுக்கு வருவோம். பின்னாளில் கூகுளின் தோக்கியோ ஆய்வுக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. நல்ல வேலை, நல்ல பெயர், மகிழ்ச்சி. ஆனால் நான் பொறாமைப்படுவது வேறொன்றுக்கு. பிரான்ஸின் இன்ரியா ஆய்வாளர்கள் லெனியாவை எடுத்து, புதுப்புது உருவங்களைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும்படி கணினியைப் பழக்கினார்கள். பிறகு, அந்த உலகில் உள்ள மொத்தப் பொருளின் அளவு கூடாமலும் குறையாமலும் இருக்கும்படி விதியையே மாற்றியதில் ‘ஃப்ளோ லெனியா’ உருவானது. 2022இல் வந்த அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் பெர்ட் சானும் ஒருவர்.